நாவிலா உயிரின் சுவையறிவு

உயிர்களை அவை பெற்றுள்ள அறிவின் அளவால் ஆறு வகையாகப் பகுத்துரைத்தார் தொல்காப்பியர். புல்லும் மரமும் உற்றறியும் அறிவு ஒன்றே உடையன என்றும், அதனோடு நாவால் அறியும் அறிவும் சேரப் பெற்றவை நத்தை முதலியன என்றும், இவ்வாறு படிப்படியாக ஏறி மனவறிவுடைய மக்களிடம் அவ்வகுப்பு முடியும் என்றும் மரபியலில் அவர் கூறியதைத் தமிழ் வகுப்பில் நாம் பயின்றுள்ளோம். கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியா என்னும் நுண்ணுயிரை இவ்வரிசையில் எங்கே வைப்பது? அதற்கு நாவில்லை, நரம்பில்லை, மூளையுமில்லை. ஓர் உயிரணுவே அதன் முழு உடலாகும். எனினும் அது தனக்கு ஏற்ற உணவை நாடிச் செல்கின்றது. தீங்கு செய்யும் பொருளினின்று விலகி ஓடுகின்றது. நாவில்லாத உயிர் சுவையறிவது எங்ஙனம்? அச்சுவையறியும் கருவி அதன் உடலில் எவ்விடத்தில் அமைந்துளது? அதனை நாம் கண்ணாற் காணுதல் கூடுமோ? இம்மூன்று வினாக்களுக்கும் விஞ்ஞானிகள் விடைதேடிய வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லேவன்ஹூக் என்பார், தாமே தேய்த்தமைத்த சிறு கண்ணாடி வில்லையின் வழியே இந்நுண்ணுயிர்களைக் கண்டு, 1676-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சங்கத்தாருக்கு எழுதினார். அவை நீரில் ஓடித் திரிவது அவருக்குப் பெருவியப்பை அளித்தது. ஆயினும், அவ்வோட்டத்திற்கு ஏதேனும் நோக்கம் உண்டா என்பது இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே செவ்வையாக ஆராயப்பட்டது. 1880-ஆம் ஆண்டையடுத்து, எங்கெல்மன், பெஃபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் இத்துறையில் இறங்கினர். பாசியிழையினின்று ஆக்ஸிஜன் வெளிப்படும் இடத்தைச் சுற்றிப் பாக்டீரியாக்கள் மொய்ப்பதை எங்கெல்மன் கண்டார். மயிர் போன்ற நுண்ணிய கண்ணாடிக் குழாயில் உணவுச் சாற்றை நிரப்பிப் பாக்டீரியாக்கள் நீந்தும் நீரில் வைத்தால், அவை அக்குழாயினுள் திரளாகப் புகுவதைப் பெஃபர் காட்டினார்.

ஆனால் இங்கு ஓர் ஐயம் எழுகின்றது. அவை உணவை முன்னறிந்து நாடுகின்றனவா? அன்றி, உணவை உண்டு வலுப்பெற்றதன் பயனாக அங்கே தங்கிவிடுகின்றனவா? இவ்வையத்தைத் தீர்த்தவர் அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியஸ் ஆட்லர் ஆவார். அவர் எடுத்துக்கொண்டது எஸ்செரிச்சியா கோலை என்னும் பாக்டீரியா. இது நம் குடலில் வாழ்வது. ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ளது. அஃதாவது, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஐந்நூறு பாக்டீரியாக்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தலாம். காலக்டோஸ் என்னும் சர்க்கரையை உண்டு செரிக்கும் ஆற்றலை இழந்துவிட்ட ஒருவகைப் பாக்டீரியாவை ஆட்லர் ஆராய்ந்தார். அச்சர்க்கரையால் அதற்கு யாதொரு பயனும் இல்லை. ஆயினும் அது காலக்டோஸ் நிறைந்த குழாயை நாடியே சென்றது. மற்றொரு புறம், நன்கு உண்ணத்தக்க சில பொருள்களை அது நாடவில்லை. ஆகவே, பாக்டீரியாவை இழுப்பது உணவின் பயன் அன்று. பொருளை இன்னதென அறியும் தனியுணர்வே என்பது 1969-இல் தெளிவாயிற்று. இவ்வுணர்வைத் தருவன சில புரதங்கள். வந்த பொருளை ஏற்றுக்கொள்வதால் அவற்றை ஏற்பிகள் என வழங்குகிறோம்.

நிற்க. பொருளை அறிந்தால் மட்டும் போதுமோ? அது இருக்கும் திசையை அறிய வேண்டுமன்றோ? 1972-இல் ஹோவர்ட் பெர்க் என்பவர், நீந்தும் ஒரு பாக்டீரியாவைத் தொடர்ந்து பின்செல்லும் நுண்ணோக்கி ஒன்றைக் கொண்டு அதன் வழியை வரைந்தார். அது சுமார் ஒரு நொடி நேரம் நேரே ஓடுகின்றது. பின்னர் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் உருண்டு தடுமாறுகின்றது. அதன்பின் வேறொரு திசையில் மீண்டும் ஓடுகின்றது. உணவு மிகுந்துவரும் திசையில் செல்லுங்கால் இத்தடுமாற்றம் தள்ளிப்போகின்றது, ஓட்டம் நீள்கின்றது. இவ்வளவே அதன் உபாயம். தலைக்கும் வாலுக்கும் இடையே உணவின் வேறுபாட்டை அது அளந்து பார்ப்பதில்லை. இப்பொழுதுள்ள சுவையைச் சில நொடிகளுக்கு முன்னிருந்த சுவையோடு ஒப்பிட்டு நோக்குகின்றது. மாக்னாப், கோஷ்லாண்ட் என்னும் இருவர் அதே ஆண்டில் இதனை நிறுவினர். மூளையில்லாத உயிருக்கும் சில நொடி நினைவு உண்டு என்பது எத்துணை வியப்பு!

இந்நினைவும் உணர்வும் அமையும் முறையை இனிக் காண்போம். கோலைப் பாக்டீரியாவுக்கு ஐவகை ஏற்பிகள் உள்ளன. டார் எனப்படுவது அஸ்பார்டிக் அமிலத்தை அறியும். டிஎஸ்ஆர் எனப்படுவது ஸெரீன் என்னும் பொருளை அறியும். ஏனையவை சில சர்க்கரைகளையும், சிறு புரதத் துணுக்குகளையும், ஆக்ஸிஜன் நிலையையும் அறிவன. ஒவ்வோர் ஏற்பியும் நீண்ட கோல் போன்றது. அதன் ஒருமுனை உயிரணுவின் உட்சவ்வுக்கு வெளியே நீட்டி நிற்கும்; மறுமுனை உட்புறம் தொங்கும். வெளிமுனையில் உணவுப்பொருள் வந்து பற்றினால், உள்முனையில் பிணைந்துள்ள கீ-ஏ என்னும் புரதத்தின் வேலை அடங்கும். அவ்வாறு பற்றாதபோது அப்புரதம் பாஸ்பேட் என்னும் அடையாளத்தைக் கீ-ஒய் என்னும் மற்றொரு சிறு புரதத்தின்மீது ஏற்றி அனுப்பும். கீ-ஒய் ஓலை கொண்டு செல்லும் தூதனைப் போன்றது. அது உயிரணுவினுள் மிதந்து சென்று, கசையிழையைச் சுழற்றும் பொறியைத் தொட்டவுடன் சுழற்சி திசைமாறும், பாக்டீரியா தடுமாறும். தூதர் குறைந்தால் தடுமாற்றம் குறையும், ஓட்டம் நீளும். ஏற்பிகளின்மீது மெதுவாக ஏறியும் இறங்கியும் வரும் மெத்தில் அடையாளங்களே, முன்னிருந்த சுவையை நினைவிற்கொள்ளும் கணக்கேடாகும்.

ஏற்பிகள் உயிரணுவைச் சுற்றிலும் சமமாகப் பரவியிருக்கும் என எண்ணுதல் இயல்பு. ஆனால் 1993-இல் மாடக், ஷபைரோ என்னும் அறிஞர் இருவர், அவை பெரும்பாலும் உயிரணுவின் இருமுனைகளிலும் கூட்டமாகத் திரண்டிருப்பதைக் காட்டினர். இக்கூட்டத்திற்குப் பயன் உண்டு. அடுத்தடுத்து நெருங்கி நிற்போருள் ஒருவர் திரும்பிப் பார்த்தால் அருகிலுள்ளோரும் திரும்புதல்போல, ஓர் ஏற்பியில் நேர்ந்த மாறுதல் பக்கத்து ஏற்பிகளையும் அசைக்கின்றது. பொருள் பற்றிய ஏற்பிகளின் தொகையில் நேரும் சிறு மாறுதல், கீ-ஏ புரதத்தின் வேலையில் சுமார் 35 மடங்கு பெருகித் தோன்றுகின்றது என 2002-இல் சூர்ஜிக், பெர்க் இருவரும் அளந்தனர். நுண்ணிய சுவையையும் இவ்வுயிர் அறிவதற்குக் காரணம் இதுவேயாம்.

இனி எழுவதே நம் கட்டுரையின் தலையாய வினா. இக்கூட்டத்தை அம்முனையில் கொண்டுபோய் வைத்தவர் யார்? ஏற்பிகளைச் சுமந்து செல்லும் ஆளோ, அவை செல்லும் பாதையோ உயிரணுவினுள் உண்டா? அன்றி அவை தாமே கூடினவா? இதனை அறிய வேண்டின், பெரிய கூட்டத்தை மட்டும் கண்டாற் போதாது. தனித்து நிற்கும் ஏற்பியையும், இரண்டு மூன்றாய்ச் சேர்ந்தவற்றையும் காணுதல் வேண்டும். இங்கேதான் ஒளியின் இயல்பு குறுக்கே நின்றது.

ஒளி அலைவடிவினது. எவ்வளவு சிறிய ஒளிப்புள்ளியாயினும், வில்லையின் வழியே வரும்போது அது பரந்த ஒரு வட்டமாகவே தோன்றும். ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் உள்ள இரு புள்ளிகள் ஒன்றாகவே கலந்து காணப்படும். ஜெர்மனியின் ஜீனா நகரத்து எர்ன்ஸ்ட் அப்பே 1873-இல் வகுத்த விதி இது. வில்லையை எத்துணை நுட்பமாகத் தேய்த்தாலும் இவ்வெல்லை நீங்காது. பாக்டீரியாவின் அகலமோ ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. ஏற்பியின் குறுக்களவோ சில நானோமீட்டரே. ஆகவே பழைய படங்களில் உயிரணுவின் முனையில் ஒளிமிக்க ஒரு திட்டுத் தெரிந்ததேயன்றி, அதனுள் என்ன உளது என்பது தெரியவில்லை. கார்த்திகை இரவில் தொலைவிலுள்ள ஓர் ஊரை நோக்குவோமானால், அங்குள்ள விளக்குகள் அனைத்தும் ஒரே ஒளிப்படலமாகக் கலந்து தோன்றுதலை ஒக்கும் இது.

இவ்வெல்லையைக் கடக்க உதவியவை இரண்டு. முதலாவது, உடனொளிர்தல். ஒருநிற ஒளியை ஏற்று வேறொருநிற ஒளியை உமிழும் தன்மைக்கு இப்பெயர். கொயினா மருந்தின் கரைசல் கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிரை ஏற்று நீலவொளி வீசுவதை ஸ்டோக்ஸ் என்பார் 1852-இல் ஆராய்ந்து விளக்கினார். 1962-இல் ஜப்பானிய அறிஞர் ஷிமோமுரா, ஒருவகைக் கடற்சொறியினின்று பச்சையாய் ஒளிரும் புரதமொன்றைப் பிரித்தெடுத்தார். அதன் மரபணுவை வேறோர் உயிரிற் புகுத்தினால் அவ்வுயிரும் பச்சையாய் ஒளிரும் என்பதை 1994-இல் சால்ஃபி காட்டினார். அவர் ஒளிரச் செய்த உயிர்களுள் கோலைப் பாக்டீரியாவும் ஒன்று. இதனால் நாம் விரும்பும் எந்தப் புரதத்தோடும் ஒரு சிறு விளக்கைப் பிணைத்துவிடலாம் என்றாயிற்று. 2008-இல் இவ்விருவருக்கும் ரோஜர் சியன் என்பாருக்கும் ரசாயன நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இரண்டாவது, அவ்விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றும் உபாயம். முன்சொன்ன தொலைவூரை மீண்டும் நினைவிற் கொள்க. அவ்வூரார் எல்லா விளக்குகளையும் ஒருங்கே ஏற்றாமல், ஒரு நேரத்தில் ஆங்காங்கே ஒன்றிரண்டை மட்டும் ஏற்றி அணைப்பாராயின் என்ன நேரும்? ஒவ்வொரு விளக்கின் ஒளியும் பரந்தே தெரியும் என்பது உண்மை. ஆனால் அப்பரப்பின் நடுப்புள்ளியை நாம் குறித்துக்கொள்ளலாம். இரவு முழுதும் இவ்வாறு குறித்து வந்தால், விடியுமுன் அவ்வூரின் விளக்குகள் அனைத்தும் நம் ஏட்டில் தனித்தனிப் புள்ளிகளாகப் பதிந்திருக்கும். ஒரு விளக்கினின்று வரும் ஒளித்துகள்கள் மிகுதியாகக் கிடைக்குந்தோறும் நடுப்புள்ளியின் பிழை குறையும். துகள்கள் நூறு மடங்கானால் பிழை பத்தில் ஒரு பங்காகும். அப்பேயின் விதி பொய்க்கவில்லை. அதனை மீறாமலே அதன் பக்கவழியாகச் சென்றுவிட்டோம்.

இக்கருத்தை எரிக் பெட்சிக் என்பார் 1995-இலேயே எழுதி வெளியிட்டார். ஆனால் அதனைச் செயலாக்கத் தக்க விளக்குகள் அப்பொழுது அவர் கையில் இல்லை. அவர் ஆய்வுத் துறையையே விட்டு விலகி, மிச்சிகன் மாகாணத்தில் தம் தந்தையாரின் இயந்திரத் தொழிற்சாலையில் பல்லாண்டுகள் பணிபுரிந்தார். இதனிடையே, ஒற்றைப் பச்சைப் புரதம் அணைந்து மீண்டும் ஒளிர்வதை 1997-இல் மோர்னரும் அவருடன் உழைத்தோரும் கண்டனர். ஊதாவொளி பட்டபின்னரே ஒளிரத் தொடங்கும் புரதத்தைப் பேட்டர்ஸனும் லிப்பின்காட்-சுவார்ட்ஸ் அம்மையாரும் 2002-இல் அமைத்தனர். இச்செய்தியை அறிந்த பெட்சிக், தம் நண்பர் ஹரால்ட் ஹெஸ் என்பாருடன் கூடி, அந்நண்பரின் இல்லத்து முன்னறையிலேயே புதிய நுண்ணோக்கியை அமைத்தார். அதன் பயன் 2006-இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் சியாவ்வெய் ஜுவாங் அம்மையாரும், சாமுவேல் ஹெஸ் என்னும் வேறோர் அறிஞரும் இதையொத்த முறைகளைத் தனித்தனியே வெளியிட்டனர். 2014-ஆம் ஆண்டின் ரசாயன நோபெல் பரிசு, பெட்சிக், மோர்னர் ஆகியோருக்கும், வேறொரு வழியால் அவ்வெல்லையைக் கடந்த ஸ்டெஃபான் ஹெல் என்பாருக்கும் உரியதாயிற்று.

இம்முறையைக் கோலைப் பாக்டீரியாவின் ஏற்பிகளிடம் செலுத்தியவர் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்துக் கிரீன்ஃபீல்ட், லிஃபார்ட் முதலியோர். பெட்சிக்கும் அவர்களுடன் சேர்ந்திருந்தார். டார் என்னும் ஏற்பி, அதனோடு கீ-ஏ புரதத்தைப் பிணைக்கும் கீ-டபிள்யூ, தூதனாகிய கீ-ஒய் என்னும் மூன்று புரதங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். 2009-இல் வெளிவந்த அவ்வாய்வில், 326 உயிரணுக்களில் 11 இலட்சம் புரதங்களின் இடங்கள் 15 நானோமீட்டர் நுட்பத்தோடு குறிக்கப்பட்டன. ஓர் உயிரணுவுக்குச் சராசரி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள்! பொறுமையே உருவெடுத்து வந்தாற்போன்ற வேலை இது.

அப்புள்ளிகள் கூறிய செய்தி யாது? முனைகளில் பெருங்கூட்டங்கள் இருந்தது மெய்யே. ஆனால் டார் ஏற்பிகளுள் மூன்றில் ஒரு பங்கு அங்கே இல்லை; அவை உயிரணுவின் பக்கங்களில் சிறு கூட்டங்களாகச் சிதறிக் கிடந்தன. பழைய படங்களில் முனையின் பேரொளி, மங்கிய இச்சிறு கூட்டங்களை மறைத்துவிட்டது. மேலும், கூட்டங்களுக்கு இன்ன அளவு என ஒரு வரையறை இல்லை. மிகச் சிறியவை மிகப் பல. சற்றுப் பெரியவை சில. மிகப் பெரியவை மிகச் சில. ஒருவர் திட்டமிட்டு அடுக்கியிருப்பின், ஓரளவினவாகவே பெரும்பாலும் அமைந்திருக்கும் அன்றோ?

இதிலிருந்து அவ்வறிஞர் கொண்ட முடிபு வருமாறு: புதிதாய்த் தோன்றும் ஏற்பி சவ்வில் யாதானும் ஓரிடத்தில் பதிகின்றது, அங்கிருந்து அங்குமிங்கும் அலைகின்றது. அருகில் பெருங்கூட்டம் இருந்தால் அதனோடு சேர்ந்துவிடும். கூட்டம் தொலைவில் இருப்பின், தன்னைப்போல் அலையும் பிறவற்றைச் சந்தித்துப் புதிய சிறு கூட்டமாகும். ஆதலால் ஒரு பெருங்கூட்டத்தின் அருகே மற்றொன்று எழுவதரிது; அதற்கு மிக எட்டியுள்ள இடமே புதுக்கூட்டத்திற்கு ஏற்ற இடம். மார்கழி விடியலில் வாழையிலையின் மேலுள்ள பனித்துளிகளை நோக்குக. பெருந்துளி தன்னருகிலுள்ள சிறு துளிகளை விழுங்கிவிடுவதால், அதனைச் சுற்றி வெற்றிடமும், அப்பால் வேறொரு துளியும் காணப்படும். அவற்றை இடைவெளி பார்த்து வைத்தவர் ஒருவருமில்லை. இவ்வாறே, உயிரணு வளர்ந்து இரண்டாய்ப் பிரியுங்கால், நடுவில் எழுந்த கூட்டம் பிறந்த சேய்களுக்கு முனைக் கூட்டமாய் அமைகின்றது. சுமந்து செல்வாரும் வழிகாட்டுவாரும் இன்றியே, தற்செயலான கூடுகையினின்று ஓர் ஒழுங்கு பிறக்கலாம் என்பதே அம்முடிபு.

இது முற்ற முடிந்த முடிபன்று என்பதையும் கூறுதல் கடமை. சவ்வின் வளைவு ஏற்பிகளை முனைப்புறம் நிறுத்துவதில் பங்குகொள்ளும் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. வாந்திபேதியை உண்டாக்கும் விப்ரியோ என்னும் பாக்டீரியாவில், ஏற்பிகளை முனையில் அமர்த்துவதற்கெனத் தனிப்புரதமே உளது. ஆகவே ஓர் உயிரிற் கண்டதை எல்லா உயிர்க்கும் விதியாகக் கொள்ளலாகாது. அன்றியும், நாம் பிணைக்கும் விளக்கே நம்மை ஏமாற்றவும் கூடும். எம்-ரெப் என்னும் புரதம் பாக்டீரியாவினுள் திருகுச்சுருள்போல் அமைந்துளது எனப் பல்லாண்டுகள் நம்பப்பட்டது. 2012-இல் ஸ்வூலியஸ், ஜென்ஸன் இருவரும், மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்து, கோலைப் பாக்டீரியாவில் காணப்பட்ட அச்சுருள் பிணைத்த விளக்குப் புரதத்தால் விளைந்த போலித் தோற்றமே எனக் காட்டினர். ஏற்பிகளின் வகையிலோ, விளக்கேதும் பிணைக்காத மின்னணு நுண்ணோக்கிப் படங்களும் அவை கூட்டங்களாய் அமைவதை உறுதி செய்தன. அக்கூட்டத்தினுள் ஏற்பிகள் தேன்கூட்டின் அறைகளைப்போல் அறுகோண வரிசையில், 12 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கப்பட்டுள்ளன. வேறு வேறு வழியில் வந்த இரு சாட்சிகள் ஒத்துக் கூறும்போதே ஒரு செய்தி நம்பத்தக்கதாகின்றது.

மாணவ நண்பர்களே! நம் ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் இத்தகைய காட்சி தெரியாது. அதில் ஒரு பாக்டீரியா சிறு கோடாகவே தோன்றும். ஆயினும் இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் அதற்கும் பொருந்தும். பேரொளி வீசுவதையே முழுமை எனக் கொண்டோர் மூன்றில் ஒரு பங்கைக் காணாது விட்டனர். மங்கியவற்றையும் ஒவ்வொன்றாய் எண்ணியோர், கூட்டம் எவ்வாறு பிறந்தது என்பதையும் உடன் அறிந்தனர். கண்ணுக்கு எட்டியதை மட்டும் படத்தில் வரைந்து, எட்டாததை அவ்வாறே ஒப்புக்கொள்வதும், கண்டதையும் மற்றொரு வழியாற் சோதிப்பதும் விஞ்ஞானத்தின் முதற்படியாகும். அடுத்தமுறை நுண்ணோக்கியின் முன் அமருங்கால், படத்தின் நடுவில் தெளிவாய்த் தெரிவதை வரைந்து முடித்தவுடன் எழுந்துவிடாது, அதன் ஓரத்தில் மங்கித் தெரிவதையும் சற்றே பொறுத்து நோக்குவீர்களாக.